எந்த ஆண்டின் ருடால்ஃப் உங்கள் வட்டில் இருக்கிறது?

1960களில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட கிறிஸ்துமஸ் அனிமேஷன் சிறப்பு நிகழ்ச்சிகளைப் பிள்ளைகளுக்காக வாங்கி வைக்க விரும்பும் நண்பர் ஒருவர் சில கேள்விகளை அனுப்பியிருக்கிறார். ஒரே நிகழ்ச்சிக்கு டிவிடி, புளூ-ரே, 4கே எனப் பல பதிப்புகள் கிடைக்கின்றன. ஏறக்குறைய எல்லா அட்டையிலும் 'புதுப்பிக்கப்பட்டது' என்று போட்டிருக்கிறது. இவற்றில் எது அசல்? விலை கூடியதை வாங்கினால் போதுமா? இணையத்திலேயே பார்க்க முடியும்போது வட்டு எதற்கு?

விலையையும் படத் துல்லியத்தையும் முதலில் பார்க்க வேண்டாம் என்பதே என் பதில். அந்த வட்டில் எந்த ஆண்டின் ஒளிபரப்பு இருக்கிறது என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். திரைப்படம் ஒன்று வெளியானதும் பெரும்பாலும் அதன் வடிவம் நிலைத்துவிடும். ஆண்டுதோறும் டிசம்பரில் மறு ஒளிபரப்பாகிற தொலைக்காட்சிச் சிறப்பு நிகழ்ச்சியின் கதை வேறு. விளம்பரதாரர் மாறினால் ஒரு காட்சி போகும். நேயர்கள் கடிதம் எழுதினால் ஒரு காட்சி சேரும். விளம்பர நேரம் கூடினால் சில நிமிடங்கள் குறையும். அமெரிக்காவில் விஎச்எஸ் கேசட் விற்பனைக்கு வந்தது 1977இல். அதற்குள் இந்த நிகழ்ச்சிகளில் முக்கியமானவை பத்து ஆண்டுகளுக்கும் மேலாக ஓடிப் பல மாற்றங்களைக் கண்டிருந்தன. கேசட்டாகவும் வட்டாகவும் எது வெளிவந்ததோ அதையே அடுத்த தலைமுறை அசல் என்று நம்பியது.

இதற்கு மிகத் தெளிவான சான்று, சிவப்பு மூக்கு மான் ருடால்ஃபின் கதை. 1964 டிசம்பர் 6 அன்று என்.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பிய இந்த நிகழ்ச்சியை ஆர்தர் ரேங்கினும் ஜூல்ஸ் பாஸும் தயாரித்தார்கள். பொம்மைகளைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படம்பிடிக்கும் ஸ்டாப் மோஷன் வேலை முழுவதும் ஜப்பானில், தடாஹிதோ மொச்சினாகாவின் கூடத்தில் நடந்தது. விளம்பரதாரர் ஜெனரல் எலெக்ட்ரிக். இடைவேளை விளம்பரங்களிலும் அதே கதையின் குட்டிச்சாத்தான்கள் (கிறிஸ்துமஸ் தாத்தா சான்டாவின் குட்டி உதவியாளர்கள்) தோன்றி அந்த நிறுவனத்தின் வீட்டுச் சாதனங்களைப் பரிந்துரைத்தன. அன்று இரவு பார்த்தவர்களுக்குக் கதையும் விளம்பரமும் ஒரே உலகத்தில் நடந்தவை. அந்த அனுபவம் இன்றைய வட்டில் இல்லை.

கதையில் ஒரு தீவு வருகிறது. சதுரச் சக்கரம் கொண்ட ரயில், நீந்த மட்டுமே தெரிந்த பறவை, ஜெல்லி பீய்ச்சும் தண்ணீர்த் துப்பாக்கி என எந்தக் குழந்தையும் விரும்பாத பொம்மைகள் அங்கே வாழ்கின்றன. அவற்றுக்கு வீடு தேடித் தர சான்டாவிடம் கேட்பதாக ருடால்ஃப் வாக்குக் கொடுக்கிறது. 1964 ஒளிபரப்பில் அந்த வாக்கு நிறைவேறியதாகக் காட்டப்படவே இல்லை. மனம் பொறுக்காத நேயர்கள் கடிதம் எழுதினார்கள். 1965இல் புதிய காட்சி ஒன்று எடுக்கப்பட்டது: சான்டா தீவில் இறங்கிப் பொம்மைகளை ஏற்றிக்கொள்கிறார், பறக்கும் வண்டியிலிருந்து ஒரு குட்டிச்சாத்தான் ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு குடையைக் கொடுத்து வீடுகளின் மேல் இறக்கிவிடுகிறது. பறவையின் முறை வரும்போது மட்டும், பறவைக்குக் குடை எதற்கு என்பதுபோல் அப்படியே கீழே விட்டுவிடுகிறது. அந்தப் பறவைக்குப் பறக்கத் தெரியாது என்று கதையே முன்பு சொல்லியிருக்கிறது. அவசரத்தில் சேர்த்த காட்சியில் நேர்ந்த இந்தப் பிசகு அறுபது ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது. அதைத் திருத்தாமல் விட்டதற்கு நான் நன்றியுடையவன்.

புதிய காட்சிக்கு இடம் வேண்டுமல்லவா? அதற்காகப் பழைய காட்சிகள் சில நீக்கப்பட்டன. அவற்றுள் முக்கியமானது யூகன் கார்னீலியஸ் என்ற சுரங்கத் தேடலாளரின் காட்சி. அவர் கதை முழுவதும் தம் கோடரியை மேலே எறிந்து, அது விழுந்த இடத்தில் எடுத்து நக்கிப் பார்த்து, 'ஒன்றும் இல்லை' என்று நகர்ந்துகொண்டே இருப்பார். தங்கமும் வெள்ளியும் தேடுவதாகப் பேசுபவர் ஏன் நக்க வேண்டும்? 1964 ஒளிபரப்பின் இறுதிப் பகுதியில் விடை இருந்தது: அவர் தேடிக்கொண்டிருந்தது பெப்பர்மின்ட் சுரங்கம், அதைக் கடைசியில் கண்டுபிடித்தும் விடுகிறார். இந்தக் காட்சி போனதும், நக்குவது காரணமில்லாத கிறுக்குத்தனமாக நின்றுவிட்டது. ஒரு பாடலும் மாறியது. ருடால்ஃபும், பல் மருத்துவராக ஆசைப்படும் ஹெர்மியும் 'நாங்கள் இருவரும் எதிலும் ஒட்டாதவர்கள்' என்று பாடிய பாட்டின் இடத்தில், புகழையும் செல்வத்தையும் தேடிப் போவதாக ஒரு புதிய பாட்டு வந்தது. முதல் பாட்டில்தான் அவர்களுடைய தனிமையின் வலி இருக்கிறது. இரண்டாவது, கேட்பதற்கு இனிமையான வெறும் பயணப் பாட்டு.

1998இல் கோல்டன் புக்ஸ் நிறுவனம் சோனி வொண்டருடன் சேர்ந்து வெளியிட்ட கேசட்டில்தான் பெப்பர்மின்ட் காட்சியும் முதல் பாட்டும் திரும்பி வந்தன. இப்போது கேள்விக்கு வருவோம். இந்தப் பதிப்பு 'அசல்' தானா? 1964இன் பாட்டும் சுரங்கமும் இதில் இருக்கின்றன. 1965இன் குடைக் காட்சியும் இருக்கிறது. 1964இல் பார்த்தவர்கள் குடைகளைப் பார்க்கவில்லை. 1965இல் பார்த்தவர்கள் சுரங்கத்தைப் பார்க்கவில்லை. இந்தப் பதிப்பில் இருப்பது இரண்டையும் இணைத்துப் பின்னாளில் தொகுத்த மூன்றாவது வடிவம். கதை என்ற அளவில் மூன்றிலும் இதுவே நிறைவானது என்பது என் கருத்து. உங்கள் பிள்ளைகளுக்குத் தயங்காமல் இதைக் காட்டலாம். 1964 டிசம்பரில் அமெரிக்க வீடுகளில் ஓடியது இதுதான் என்று மட்டும் அவர்களிடம் சொல்ல வேண்டாம்.

தலைப்புக் காட்சியில் இன்னொரு விந்தை உண்டு. காப்புரிமை ஆண்டை ரோமன் எண்களில் எழுதியவர்கள் ஓர் 'எம்' எழுத்தை விட்டுவிட்டதால், 1964க்குப் பதிலாக 1164 என்று பதிவாகிவிட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் காப்புரிமை அறிவிப்புக்குப் பெரும் முக்கியத்துவம் இருந்ததால், இந்தப் படைப்பின் காப்புரிமையே செல்லாது என்ற வாதம் நெடுநாளாக இருக்கிறது. ஆனாலும் யார் வேண்டுமானாலும் வட்டுப் போட்டு விற்க முடிவதில்லை. ருடால்ஃப் என்ற பாத்திரம் 1939இல் மான்ட்கோமரி வார்ட் கடைக்காக ராபர்ட் எல். மே எழுதிய சிறு நூலில் பிறந்தது. ஜானி மார்க்ஸின் பாடல் 1949இல் புகழ்பெற்றது. அவற்றின் உரிமைகள் தனியாக நிற்கின்றன.

உரிமைகளைப் பற்றிப் பேச்சு எழுந்துவிட்டதால், பலரையும் குழப்பும் ஒரு விஷயத்தை விளக்கிவிடுகிறேன். ரேங்கின்/பாஸ் நிகழ்ச்சிகளின் தொகுப்புப் பெட்டியை வாங்குபவர்கள், ருடால்ஃப் இருக்கும் பெட்டியில் அதன் தொடர்ச்சியான 1976ஆம் ஆண்டின் புத்தாண்டுக் கதை ஏன் இல்லை என்று கேட்பார்கள். ரேங்கின், பாஸ் இருவரின் படைப்புகள் 1974ஐ ஒட்டி இரண்டு உடைமைகளாகப் பிரிந்துவிட்டன. அதற்கு முந்தியவை பல கை மாறி, கிளாசிக் மீடியா, ட்ரீம்வொர்க்ஸ் வழியாக யூனிவர்சலிடம் சேர்ந்தன. 1974 முதல் வந்தவை டெலிபிக்சர்ஸ், லோரிமார் வழியாக வார்னரிடம் போயின. ஆகவே எந்தப் 'முழுத் தொகுப்பு'ம் முழுத் தொகுப்பு அல்ல. இதன் விளைவை ஃப்ராஸ்டி பனிமனிதனின் வட்டில் நேரடியாகப் பார்க்கலாம். 1969இன் ஃப்ராஸ்டியோடு அந்த வட்டுகளில் பெரும்பாலும் இணைத்துத் தருவது 1992இல் வேறு குழு எடுத்த 'ஃப்ராஸ்டி ரிட்டர்ன்ஸ்'. ஓவியமும் வேறு, குரலும் வேறு, பாத்திரத்தின் இயல்பும் வேறு. ரேங்கினும் பாஸும் தாங்களே 1976இல் எடுத்த உண்மையான தொடர்ச்சி வார்னரிடம் இருப்பதால் அது அந்த வட்டில் இடம்பெற முடியாது. குழந்தைகள் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு இது ஏன் அந்த ஃப்ராஸ்டி மாதிரி இல்லை என்று கேட்டால், காரணம் வழக்கறிஞர்களின் மேசையில் இருக்கிறது.

ஃப்ராஸ்டியிலும் ஒரு மாற்றம் உண்டு. முதல் ஒளிபரப்பில் சிறுமி கேரனுக்குக் குரல் கொடுத்தவர் புகழ்பெற்ற குரல் நடிகை ஜூன் ஃபோரே. பின்னர் அந்தக் குரல் நீக்கப்பட்டு ஒரு சிறுமியின் குரல் சேர்க்கப்பட்டது. வீட்டுப் பதிப்புகளில் நாம் கேட்பது இந்த இரண்டாவது குரலைத்தான். ஃபோரேயின் கேரனைக் கேட்க வேண்டுமானால் அக்கால இசைத்தட்டைத் தேட வேண்டும்.

பீனட்ஸ் சித்திரக்கதையின் சிறுவனான சார்லி பிரவுனின் கிறிஸ்துமஸ் 1965 டிசம்பர் 9 அன்று சி.பி.எஸ்.ஸில் வந்தது. லீ மெண்டல்சன் தயாரிப்பு, பில் மெலெண்டஸ் இயக்கம், வின்ஸ் குவரால்டியின் ஜாஸ் இசை. விளம்பரதாரர் கோகோ-கோலா. அதன் தொடக்கப் பனிச்சறுக்குக் காட்சியை உன்னிப்பாகப் பாருங்கள். ஸ்னூப்பி என்ற நாய், நண்பன் லைனஸின் போர்வையைப் பிடித்துச் சுழற்றுகிறது. சார்லி பிரவுனும் லைனஸும் இரு பக்கமும் வீசப்படுகிறார்கள். சார்லி பிரவுன் மரத்தில் மோத, கிளைகளின் பனி அவன் மேல் கொட்டுகிறது. லைனஸ் என்ன ஆனான்? திரைக்கு வெளியே போகிறான், அவ்வளவுதான். முதல் ஒளிபரப்பில் அவன் ஒரு கோகோ-கோலா விளம்பரப் பலகையில் போய் மோதினான். நிகழ்ச்சியின் முடிவிலும், உங்கள் ஊரில் கோகோ-கோலாவைப் புட்டியில் அடைப்பவர்கள் இதை வழங்கினார்கள் என்ற அறிவிப்பு இருந்தது. அந்த விளம்பரதாரர் விலகிய பின் இரண்டும் வெட்டப்பட்டன. பாரமவுண்டின் 2000ஆம் ஆண்டு டிவிடி, வார்னரின் 2008 டிவிடி, 2009 புளூ-ரே, 2017இல் வந்த 4கே என எல்லாமே லைனஸ் எங்கே விழுந்தான் என்று சொல்லாத பதிப்புகள்தாம்.

வணிகமயமான கிறிஸ்துமஸைக் கண்டு ஒரு சிறுவன் மனம் நோவதே அந்தக் கதை. அதன் முதல் வடிவத்தில் குளிர்பான நிறுவனத்தின் பலகை ஒன்று கதைக்குள்ளேயே நின்றது என்பது வரலாற்றுச் செய்தி. அதை மறைப்பதில் யாருக்கும் நன்மை இல்லை. பிள்ளைகள் பார்ப்பதற்கு வெட்டிய வடிவமே போதும். ஆனால் வட்டின் கூடுதல் பகுதியிலாவது அந்தச் சில நொடிகளைத் தந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. வார்னரின் 2008 பதிப்பில் நிகழ்ச்சி உருவான கதையைச் சொல்லும் நல்ல ஆவணப்படம் ஒன்று இருக்கிறது. அதற்காகவே அந்தப் பதிப்பை நான் விரும்புகிறேன்.

கால அளவையும் கவனியுங்கள். 1960களில் அரைமணி நேர நிகழ்ச்சி என்றால் விளம்பரம் போக ஏறக்குறைய 25 நிமிடங்கள். பிற்காலத்தில் அது 22 நிமிடத்துக்கும் கீழே இறங்கியது. எனவே மறு ஒளிபரப்புகளில் வெட்டுவதும் படத்தைச் சற்று வேகமாக ஓட்டுவதும் வழக்கமாயின. வேகமாக ஓட்டும்போது குவரால்டியின் பியானோவில் ஸ்வரங்களுக்கு நடுவே இருக்கும் ஓய்வு சுருங்கிவிடும். அந்த இசையின் உயிரே அந்த ஓய்வில்தான். 2001இல் இந்நிகழ்ச்சியைப் பெற்ற ஏ.பி.சி. பின்னர் அதை ஒரு மணி நேர இடத்தில் வைத்து, மிச்ச நேரத்தைப் புதிய குட்டிக் காட்சிகளால் நிரப்பியது. வெட்டாமல் காட்டுவதற்குக் கூட அப்படி ஒரு வழி தேவைப்பட்டது. அட்டையின் பின்புறத்தில் 25 நிமிடம் என்று இருந்தால் பொதுவாக அது வெட்டாத பதிப்பு. 22 என்று இருந்தால் தள்ளி வையுங்கள்.

இனி படத்தின் தரம். பழைய படச்சுருளில் தூசியும் கீறலும் இருக்கும். அவற்றை நீக்கும் கணினி நிரல், ஒரு சட்டகத்தில் தோன்றி அடுத்ததில் மறையும் சிறு புள்ளியை அழுக்கு என்று கணித்து அழிக்கும். கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளில் அப்படித் தோன்றி மறைகிற வெள்ளைப் புள்ளி வேறொன்றும் இருக்கிறது: பனி. கண்காணிக்க ஆளில்லாமல் நிரலை ஓடவிட்டால் தூசியோடு பனித் துகள்களும் போய்விடும். கோடுகளுக்கும் இதே ஆபத்து. சார்லி பிரவுனின் நெற்றியில் விழும் சுருள், கண்ணோரத்து வளைவு எல்லாம் ஒரே ஒரு மெல்லிய மைக்கோடு. படத்தின் இயல்பான துகள் தன்மையைத் தேய்த்து வழவழப்பாக்கும்போது அந்தக் கோடு ஓரங்களில் கரைந்து விட்டுவிட்டுத் தெரியும். அசையாமல் நிறுத்திப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். ஓடும்போது உற்றுப் பாருங்கள். நல்ல பதிப்பில் பின்னணி வண்ணத்தில் தூரிகைத் தடமும் லேசான துகளசைவும் தெரியும். அந்தக் குட்டிக் கிறிஸ்துமஸ் மரத்தின் கிளைகள் காட்சிக்குக் காட்சி எண்ணிக்கை மாறுவதைப் பலரும் கவனித்திருப்பீர்கள். அதையும் யாரும் 'சரிசெய்ய'க் கூடாது. ஆறே மாதத்தில் மளமளவென்று வேலை செய்து முடித்த ஒரு குழுவின் கைத்தடம் அது.

கிறிஸ்துமஸைத் திருடப் பார்க்கும் கிரின்ச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சக் ஜோன்ஸ் இயக்கி, போரிஸ் கார்லாஃப் குரல் கொடுத்து, 1966 டிசம்பர் 18 அன்று வந்த இந்நிகழ்ச்சி எம்.ஜி.எம்.மிலிருந்து டர்னருக்கும் அங்கிருந்து வார்னருக்கும் முழுமையாகக் கைமாறியதால் சிக்கல் குறைவு. நிறம் ஒன்றே கேள்வி. டாக்டர் சூஸின் நூலில் கறுப்பும் சிவப்பும்தான் இருந்தன. கிரின்ச்சைப் பச்சையாக்கியவர் ஜோன்ஸ். கேசட்டிலும் டிவிடியிலும் புளூ-ரேயிலும் அந்தப் பச்சை ஒரே பச்சையாக இல்லை. வரைதாளில் பூசிய நிறமும், விளக்கொளியில் படச்சுருள் வாங்கிய நிறமும் வேறுபடும் என்பதால், எது சரி என்று அடித்துச் சொல்வது கடினம். எனக்குப் புளூ-ரேயின் நிறமே நிறைவாக இருக்கிறது.

கடல் தாண்டி இங்கிலாந்தின் 'தி ஸ்னோமேன்' நிகழ்ச்சியையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். 1982 டிசம்பர் 26 அன்று சேனல் 4 ஒளிபரப்பியது. இதற்கு முகவுரைகள் மூன்று. முதலாவதில் நூலாசிரியர் ரேமண்ட் பிரிக்ஸ் வயல்வெளியில் நடந்தபடி பேசுகிறார். அடுத்து அமெரிக்கப் பார்வையாளர்களுக்காகப் பாடகர் டேவிட் போயி, வீட்டுப் பரணில் பழைய கழுத்துத்துணி ஒன்றை எடுத்துக் காட்டி நினைவுகூர்வது. மூன்றாவது 2002இல் இருபதாம் ஆண்டுக்காகச் செய்த, மெல் ஸ்மித் குரலில் கிறிஸ்துமஸ் தாத்தா பேசும் அனிமேஷன். இந்த 2002 வடிவத்தில் அகலத்திரைக்காகப் படத்தின் மேலும் கீழும் வெட்டிவிட்டார்கள். பனிமனிதனும் சிறுவனும் பறக்கும் காட்சியில் வானமும் நிலமும் குறைந்துவிடுவது எனக்குப் பொறுக்க முடியாத இழப்பு. உங்கள் தொலைக்காட்சியின் இரு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிந்தால் மகிழ்ச்சியடையுங்கள். வரைந்தவர்கள் வரைந்தது முழுவதும் திரையில் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். இந்த விதி மேலே சொன்ன எல்லா நிகழ்ச்சிகளுக்கும் பொருந்தும்.

இணையத்தில் கிடைக்கும்போது வட்டு எதற்கு என்ற கேள்விக்கு 2020ஆம் ஆண்டே விடை சொல்லியது. சார்லி பிரவுன் சிறப்பு நிகழ்ச்சிகளின் உரிமை ஆப்பிள் டிவி பிளஸ் சேவைக்குப் போனதால், ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக வழக்கமான ஒளிபரப்பில் இலவசமாகக் கிடைத்த நிகழ்ச்சி சந்தாவுக்குள் அடைபட்டது. எதிர்ப்பு வலுத்த பிறகு அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் பொதுத் தொலைக்காட்சியான பி.பி.எஸ். வழியாகக் காட்ட ஏற்பாடாயிற்று. அதன் பின் அதுவும் நின்றது. வட்டு வைத்திருந்தவர்களுக்கு அந்த ஆண்டுகளில் எந்த மாற்றமும் தெரிந்திருக்காது. இன்னொன்றும் உண்டு: இணையச் சேவையில் இருக்கும் கோப்பை, அறிவிப்பின்றி வேறு கோப்பால் மாற்றிவிட முடியும். 1965இல் ருடால்ஃபுக்கு நேர்ந்தது இன்று ஒரே இரவில் நடக்கலாம், சான்றுக்குப் பழைய பிரதி ஒன்றும் மிஞ்சாமல்.

ஆகவே வாங்குங்கள். சார்லி பிரவுனுக்கு வார்னரின் புளூ-ரே அல்லது 4கே, ருடால்ஃபுக்கு, சுரங்கக் காட்சியும் 'ஒட்டாதவர்கள்' பாட்டும் இருக்கிற எந்தப் பதிப்பும், கிரின்ச்சுக்குப் புளூ-ரே, ஸ்னோமேனுக்கு வெட்டப்படாத சதுரத் திரைப் பதிப்பு. வீட்டில் யாரேனும் அந்தக் காலத்தில் தொலைக்காட்சியிலிருந்து நேரே பதிவு செய்த கேசட் வைத்திருந்தால், விளம்பரங்களோடு அதைப் பாதுகாத்து டிஜிட்டலாக மாற்றுங்கள். படம் மங்கலாக இருந்தாலும், அந்த ஆண்டு எது எப்படி ஓடியது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அமெரிக்காவிலிருந்து வரவழைப்பதானால், வட்டு எந்த நாடுகளின் கருவிகளில் ஓடும் என்று காட்டும் மண்டலக் குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள். அமெரிக்க டிவிடி மண்டலம் 1. இந்தியாவும் இலங்கையும் மண்டலம் 5. சிங்கப்பூரும் மலேசியாவும் 3. புளூ-ரேயில் அமெரிக்கா, சிங்கப்பூர், மலேசியா மூன்றும் 'ஏ' மண்டலம், இந்தியாவும் இலங்கையும் 'சி', இங்கிலாந்து 'பி'. எனவே சிங்கப்பூரில் இருப்பவருக்கு அமெரிக்கப் புளூ-ரே சிக்கலின்றி ஓடும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவர், வட்டு எல்லா மண்டலத்துக்கும் உரியதா என்று விற்பவரிடம் கேட்டுவிட்டு வாங்க வேண்டும். 4கே வட்டுக்கு மண்டலத் தடை கிடையாது. ஆனால் அதே பெட்டியில் வரும் புளூ-ரேக்கு இருக்கக்கூடும்.